யாருடைய பாவாடை? நியூ இங்கிலாந்து பயணக் குறிப்புகள்

வெள்ளி, பிளிமத்

என் மாமியார் தஞ்சாவூரில் பல வருஷம் தையல் வகுப்பு நடத்தியவர். எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் கட்டடத்துக்கு ஒரு நிமிஷம், துணியின் உள்தையலுக்குப் பத்து நிமிஷம். நியூ ஜெர்சியிலிருந்து வடக்கே போய் பிளிமத், பாஸ்டன், டியர்ஃபீல்டு என்று ஒரு சுற்று சுற்றலாம் என்றபோதே, "பீரங்கி, சிலை எல்லாம் நீ பார்த்துக்கோ, அந்தக் காலத்துப் பொம்பளைங்க என்ன உடுத்தினாங்க, வீட்டில என்ன செஞ்சாங்க, அது இருந்தா சொல்லு, வரேன்" என்று அத்தை நிபந்தனை போட்டுவிட்டார். சரி, இந்தத் தடவை பயணமே அதுதான்.

பிளிமத் பட்டக்செட் அருங்காட்சியகத்தில் 1620களின் ஆங்கிலக் கிராமத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நாணல் கூரை, களிமண் பூசிய மரச்சட்டச் சுவர், ஒரே அறை, அதிலேயே அடுப்பு, கட்டில், ஒரு பெட்டி, மண் தரை. கண்ணைக் கரிக்கும் புகை. உள்ளே இருக்கும் பெண்கள் அந்தக் காலத்து மனுஷிகளாகவே பேசுவார்கள், கைபேசியைக் காட்டினால்கூடப் புரியாத மாதிரி விழிப்பார்கள். அத்தை நேராக ஒருவரிடம் போய், "உள்ள என்ன போட்டிருக்காங்கன்னு கேளு" என்றார். எனக்குக் கூச்சம். அந்த அம்மாவுக்குக் கூச்சமே இல்லை, கழுத்துப் பட்டியை இழுத்துக் காட்டினார்.

முதலில் உடம்போடு ஒட்டி ஒரு லினன் சிமிஸ், முழங்காலுக்குக் கீழே வரை, நீளக் கை. பகலுக்கும் அதுதான், ராத்திரி தூங்கவும் அதுதான். அதன்மேல் விறைப்பான கச்சு, நாடா கோத்து இறுக்குவது. இடுப்பில் ஒன்றோ இரண்டோ கம்பளிப் பாவாடை, குளிர் அதிகமானால் இன்னொன்று. மேலே இடுப்பு வரைக்கும் ஒரு கம்பளிச் சட்டை, ஏப்ரன், முடியை மூடும் லினன் குல்லா, வெளியே போனால் குல்லாவுக்கு மேல் தொப்பி. முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிய காலுறை. கீழே ஜட்டி என்று ஒன்று கிடையாது, இதை அத்தை என்னிடம் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். அவரை அசத்தியது சிமிஸின் வெட்டுதான். எல்லாமே நீள்சதுரமும் முக்கோணமும், அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு, அவ்வளவுதான், துணியில் ஒரு கையளவுகூட வீணாகாது.

கறுப்பு கவுன், வெள்ளைக் காலர், தொப்பியில் பக்கிள், இந்தப் படம்தானே நம் மனதில் இருக்கிறது? பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் போட்ட படம் அது. நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், ஆகவே அது விசேஷ உடை. தினப்படி உடையில் சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, பழுப்பு எல்லாம் உண்டு. மேரி ரிங் என்ற விதவை 1631இல் இங்கே இறந்தபோது உயில் எழுதி வைத்திருந்தார், பிறகு 1633இல் அவருடைய பொருள்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் சிவப்பும் ஊதாவுமாகத் துணிகள் வருகின்றன. படுக்கை, பாத்திரத்தோடு பழைய துணியையும் எண்ணி விலை போட்டு எழுதியிருக்கிறார்கள். நெய்த துணி கப்பலில் வரவேண்டிய ஊரில் ஒரு பாவாடை என்பது ஒரு சொத்து.

விதவை என்று சொன்னதைக் கவனியுங்கள். புருஷன் உயிரோடு இருந்திருந்தால், அவன் சம்மதம் இல்லாமல் மேரி ரிங் அந்தச் சிவப்புப் பாவாடையை உயிலில் எழுதியிருக்கவே முடியாது. இதைப் பற்றி நாளை எழுதுகிறேன், இன்று தூக்கம் வருகிறது. ஆனால் துவைப்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இங்கிலாந்திலிருந்து பிளிமத் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பல் 1620 நவம்பரில் கேப் காட் முனையில் நங்கூரம் போட்டது. திங்கட்கிழமை, பழைய நாட்காட்டிப்படி 13ஆம் தேதி, பெண்கள் கரையில் இறங்கிச் செய்த முதல் வேலை துணி துவைப்பது. இரண்டு மாதத்துக்கு மேல் கடலில் சேர்ந்த அழுக்கு, வாந்தி, குழந்தைத் துணி. நவம்பர் குளிரில். வயதுவந்த பெண்கள் 18 பேர் வந்தார்கள், எல்லாரும் கல்யாணமானவர்கள். அடுத்த ஆண்டு அறுவடை விருந்து நடந்தபோது உயிரோடிருந்தது நாலு பேர்தான். ஆண்கள் கரையில் வீடு கட்டப் போனபோது பெண்கள் நோய் மண்டிய கப்பலுக்குள்ளேயே அடைந்து கிடந்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் சுசன்னா ஒயிட். துறைமுகத்தில் நின்ற கப்பலிலேயே மகன் பெரிகிரினைப் பெற்றவர். பிப்ரவரியில் புருஷன் போய்விட்டான், மே மாதம் எட்வர்ட் வின்ஸ்லோவை மறுமணம் செய்தார். அவருக்கும் மனைவி இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் குடியேற்றத்தின் முதல் கல்யாணம் இதுதான். காதலா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண், சமையலுக்கும் துவைக்கவும் ஆளில்லாமல் ஒரு ஆண்.

வீட்டில் எப்படித் துவைத்தார்கள்? கம்பளியைத் துவைப்பது அபூர்வம், தூசி தட்டி பிரஷ் போடுவதோடு சரி. வியர்வை எல்லாம் லினன் சிமிஸில் இறங்கும், அதைத்தான் வெளுப்பார்கள். தொட்டியில் துணியை அடுக்கி, மேலே ஒரு துணி விரித்து, அதில் விறகுச் சாம்பலைக் கொட்டி, சுடுதண்ணீரை மேலிருந்து ஊற்ற ஊற்ற, அது சாம்பல் காரமாக இறங்கி அழுக்கை எடுக்கும். கீழே வடிவதைப் பிடித்துச் சூடாக்கித் திரும்ப ஊற்றவேண்டும். அப்புறம் கட்டையால் அடித்து அலசி, புல்லின்மேல் வெயிலில் விரிப்பு. "இது வெள்ளாவிதானே!" என்றார் அத்தை. கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நம் ஊரில் அதற்கென்று ஒரு சாதியைப் பிடித்து வைத்திருந்தோம், இங்கே ஒவ்வொரு வீட்டுக்காரியும் அவளிடம் வேலைக்கிருந்த பெண்ணும் செய்தார்கள்.

பக்கத்திலேயே பட்டக்செட் குடியிருப்பு. அங்கே இருப்பவர்கள் வேஷம் போட்டு நடிப்பதில்லை, வாம்பனோவாக்கும் மற்ற பூர்வகுடிகளும் இந்தக் காலத்து மனிதர்களாகவே பேசுகிறார்கள். ஆங்கிலேயர் வீடு கட்டிய இடமே 1616க்கும் 1619க்கும் நடுவே கொள்ளைநோயில் ஆளில்லாமல் போன பட்டக்செட் ஊர்தான். மான்தோல் பாவாடை, நாணல் பாய், மரப்பட்டை வேய்ந்த வீடு. சோளம், பீன்ஸ், பூசணி விவசாயம் முழுக்கப் பெண்கள் கையில். அதைப் பார்த்த ஆங்கிலேய ஆண்கள் 'இந்த ஊர்ப் பெண்களை எருது மாதிரி வேலை வாங்குகிறார்கள்' என்று பரிதாபப்பட்டு எழுதினார்களாம். தங்கள் வீட்டில் சாம்பல் தண்ணீரில் கை வெந்துகொண்டிருந்தவளை அவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை.

சனி, பாஸ்டன்

பார்க்கிங்குக்குக் கொடுத்த காசில் ஒரு புடவை வாங்கியிருக்கலாம், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

பால் ரெவியர் வீடு 1680 வாக்கில் கட்டியது. பிரிட்டிஷ் படை வருகிறது என்று 1775இல் குதிரையில் போய் எச்சரித்த ரெவியரைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நாங்கள் பார்க்கப் போனது சாரா, ரேச்சல் என்ற இரண்டு பெண்களை. முதல் மனைவி சாரா எட்டுக் குழந்தை பெற்று 1773இல் இறந்தார். அதே ஆண்டில் வந்த ரேச்சல் இன்னும் எட்டு. 16 பிள்ளைகளில் 11 பேர்தான் பெரியவர்களாக வளர்ந்தார்கள். கர்ப்பத்துக்கென்று தனி உடை கிடையாது, இருக்கிற கச்சின் நாடாவைத் தளர்த்தி, பாவாடையை உயர்த்திக் கட்டி, ஏப்ரனால் மறைப்பதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்றால் பாதி வாழ்க்கை தளர்ந்த நாடாவோடுதான். மாடிப்படியில் ஏறும்போது அத்தை எதுவும் பேசவில்லை. அவருடைய அம்மாவுக்கு ஒன்பது பேர்.

அடுப்படியில் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர், அந்தக் காலத்தில் பிரசவத்துக்கு அடுத்தபடியாகப் பெண்கள் செத்தது பாவாடையில் தீப்பிடித்துத்தான் என்று தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கதை எல்லா அடுப்படியிலும் உலவுகிறது, ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. கம்பளி குப்பென்று எரியாது, கருகி அணையும். விபத்து நடந்திருக்கிறது, ஆனால் அவர்களைக் கொண்டுபோனது நோயும் பிரசவமும்தான்.

நேற்று பாதியில் விட்ட சட்டம். ஆங்கிலப் பொதுச்சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற நிலை கிடையாது. அவள் கொண்டுவந்த அசையும் பொருள் எல்லாம் கணவனுக்கு, அவள் கூலி கணவனுக்கு, அவள் உடுத்தியிருக்கும் உடையும் கணவனுக்கு. அவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. உடைக்கு மட்டும் ஒரு சலுகை: அவள் அந்தஸ்துக்குத் தகுந்த துணியையும் நகையையும் அவன் உயிலில் வேறு யாருக்கும் எழுதிவைக்க முடியாது. ஆனால் உயிரோடு இருக்கும்போது விற்கலாம்! அதாவது அவள் நூற்று, அவள் தைத்து, அவள் வெளுத்த பாவாடை அவளுக்குச் சொந்தமாக அவன் சாகவேண்டும். சீதனம் பெண்ணுக்குச் சொந்தம் என்பது நம் பழைய சாத்திரத்திலேயே இருக்கிறது என்று அத்தையிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். "சாத்திரத்தில இருக்கும். உங்க மாமா என் வளையலை அடகு வைக்கும்போது சாத்திரத்தையா கேட்டார்?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

இந்தச் சட்டத்தின் முகம் தெரியவேண்டுமானால் 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள் விளம்பரங்களைப் பாருங்கள். 'என் மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள், யாரும் அவளுக்குக் கடன் கொடுக்காதீர்கள், நான் கட்டமாட்டேன்' என்று கணவன்மார் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தப்பி ஓடிய வேலைக்காரிகளையும் அடிமைப் பெண்களையும் பிடிக்க விளம்பரம். அதில் அவள் முகத்தைவிட உடைக்குத்தான் வரிகள் அதிகம்: கோடு போட்ட கைநெசவுப் பாவாடை, காலிகோ என்ற பருத்தித் துணியில் கவுன், என்ன நிறம், எங்கே ஒட்டுப் போட்டது என்பதுவரை. ஏழைப்பெண் என்ன உடுத்தினாள் என்பது இன்றைக்குத் தெரிய இந்த வேட்டை விளம்பரங்கள்தான் முக்கியமான சான்று. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பவை பெரும்பாலும் பணக்காரிகளின் பட்டு, உழைத்தவளின் துணி கிழிந்து, ஒட்டுப் போட்டு, குழந்தைக்கு வெட்டி, கடைசியில் கந்தலாய்க் காகித ஆலைக்குப் போய்விட்டது.

மாலையில் நுண்கலை அருங்காட்சியகத்தில் கம்பளி நூலில் பூவேலை செய்த கட்டில் திரைகளைப் பார்த்தோம். அருமை, ஆனால் கால் வலி. ராத்திரி ஓட்டல் ஒன்றில் 'இந்தியன் புட்டிங்'. சோளமாவும் பாலும் வெல்லப்பாகும் சேர்த்து மணிக்கணக்கில் மெல்ல வேகவைப்பது. இந்தப் பாகு கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் காய்ச்சி இங்கே கப்பலேறியது. அத்தை இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

ஞாயிறு, டியர்ஃபீல்டு

பாஸ்டனுக்கு மேற்கே இரண்டு மணி நேரம். ஒரே நீளத் தெரு, இரண்டு பக்கமும் பழைய மரவீடுகள். மூன்று ஊரில் எனக்குப் பிடித்தது இதுதான், ஒரு பகல் போதாது.

நூற்பு ராட்டை இரண்டு வகை. கம்பளிக்குப் பெரிய சக்கரம், உட்கார முடியாது, கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு நூலை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்து, சுற்ற முன்னால் நடந்து, நாள் முழுக்க இதே. ஆளி நாருக்குச் சின்ன ராட்டை, காலால் மிதிப்பது. ஒவ்வொரு வீட்டிலும் ராட்டை சுழன்றது என்பதும் கொஞ்சம் மிகைதான், முதல் தலைமுறை துணியை இங்கிலாந்திலிருந்து வாங்கியது. துணிப் பஞ்சம் வந்தபிறகு 1656இல் மாசசூசெட்ஸ் சட்டமே போட்டது: ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் நூற்க முடியும் என்று ஊர் அதிகாரிகள் கணக்கெடுக்கவேண்டும், முழு நூற்பாள் என்று குறித்த ஆள் வருஷத்தில் 30 வாரம், வாரம் 3 பவுண்டு நூல் நூற்கவேண்டும், குறைந்தால் பவுண்டுக்கு 12 பென்ஸ் அபராதம். பெண்கள், சிறுமிகள், சிறுவர்கள் மேல்தான் இந்தக் கணக்கு. வீட்டுவேலைக்கு நடுவே ஓய்வுநேரத்தில் என்று சட்டம் நினைத்ததாம். ஓய்வுநேரம்!

நூற்றால் மட்டும் போதாது, தகுதிக்கு மேல் உடுத்தவும் கூடாது. 1651 சட்டப்படி 200 பவுண்டுக்குக் குறைவான சொத்துள்ள வீட்டுப் பெண்கள் பட்டுத் தலைமூடியோ பட்டு ஸ்கார்ஃபோ அணிந்தால் குற்றம். பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் 1676இல் ஹன்னா லைமன் என்ற இளம்பெண்ணைப் பட்டு உடுத்தி மினுக்கியதற்காக நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விசாரணைக்கும் பட்டு உடுத்தியே வந்தாள் என்று கேள்வி. நிஜமாக இருக்கட்டும்.

மெமோரியல் ஹால் அருங்காட்சியகத்தில் கோடாரி வெட்டுப்பட்ட பழைய கதவு ஒன்று இருக்கிறது. 1704 பிப்ரவரி 29 விடியலில் பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடியினரும் ஊரைத் தாக்கி 112 பேரைக் கைதிகளாகக் கனடாவுக்கு நடத்திப்போனார்கள். பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் மனைவி யூனிஸ் பிரசவித்துச் சில வாரம்தான், நடக்கமுடியாமல் வழியில் கொல்லப்பட்டார். அவர்களுடைய ஏழு வயது மகள், அவள் பேரும் யூனிஸ், மான்ட்ரியல் பக்கத்தில் காநவாகே என்ற மோஹாக் பூர்வகுடிகளின் ஊரில் வளர்ந்தாள். ஆங்கிலம் மறந்தாள், அரோசென் என்ற மோஹாக் ஆளைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா நேரில் போய்க் கெஞ்சியும் திரும்பவில்லை.

பல வருஷம் கழித்து, 1740களில், புருஷனோடு அண்ணன் வீட்டைப் பார்க்க வந்தாள். உறவினர்கள் ஆங்கில கவுனை உடுத்திவிட்டார்களாம், அவள் அதைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தன் போர்வையைச் சுற்றிக்கொண்டாள் என்று வாய்வழிக் கதை ஒன்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது. போர்வைக் கதையை யார் எவ்வளவு கூட்டிக் குறைத்தார்களோ. அவள் இங்கேயே தங்க மறுத்தது மட்டும் உறுதி, 1785இல் காநவாகேயில்தான் இறந்தாள். அப்பா வீட்டுச் சட்டத்தில் அவளுக்கு ஒரு பாவாடைகூடச் சொந்தமில்லை, மோஹாக் ஊரில் வீடும் வயலும் குலமும் தாய்வழி. அதற்காகத்தான் இருந்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன், ஏழு வயதுக் குழந்தைக்கு யார் வளர்த்தார்களோ அவர்கள்தான் அம்மா. ஆனால் திரும்பி வரச் சொன்னவர்கள் அவளுக்குக் கொடுக்க என்ன வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதே தெருவில் எபனேசர் வெல்ஸ் வீட்டில் அடிமையாக இருந்தவர் லூசி டெரி. ஆப்பிரிக்காவிலிருந்து குழந்தையாகக் கடத்திக் கொண்டுவரப்பட்டவர். 1746இல் நடந்த இன்னொரு தாக்குதலைப் பற்றி அவர் கட்டிய பாட்டுதான் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இயற்றியதில் நமக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய கவிதை. இந்த வெள்ளைவெளேர் படுக்கை விரிப்புகளை எல்லாம் வீட்டு எஜமானியே வெளுத்தாள் என்று நினைத்துக்கொண்டு சுற்றினால் பாதி ஊரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

துணிக் கூடத்தில் அத்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். கவுனில் கண்ணுக்கே தெரியாத ஓட்டுத்தையல், உள்ளே பழைய தையல் ஓட்டைகள். மூன்று தலைமுறை பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கவேண்டும் என்றார். பாவாடைக்கு அடியில் இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும் தனிப் பைகள், யார் கண்ணிலும் படாத அந்தப் பையில் அத்தனை பூவேலை. அப்புறம் பூப்போட்ட சோழமண்டலக் கரைச் சீட்டித்துணி. 'இந்தியா' என்றுதான் போட்டிருந்தது. படிகாரம் தடவி, சாயவேரில் காய்ச்சினால் வரும் அந்தச் சிவப்பு துவைத்தாலும் போகாது, அந்த வித்தை ஐரோப்பாவுக்குக் கைவர வெகுகாலம் ஆனது. தங்கள் நெசவாளர்களைக் காக்க பிரிட்டன் 1721இல் அச்சுப் பருத்தியை உடுத்தத் தடைச்சட்டம் போட்டது, ஆனால் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. ஆகவே லண்டன்காரி உடுத்த முடியாத நம் கடற்கரைத் துணியை பாஸ்டன்காரி உடுத்தினாள்.

திங்கள், நியூ ஹேவன் வழியாக வீட்டுக்கு

மழை. யேல் பல்கலைக்கழகத்தைக் காரிலிருந்தே ஒரு சுற்று. பேர் எங்கிருந்து வந்தது என்று சென்னைவாசிகள் பலருக்குத் தெரியும்: எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718இல் அவர் இந்தக் கல்லூரிக்கு அனுப்பியது பணம் இல்லை, ஒன்பது பொதி சரக்கு, புத்தகங்கள், ராஜாவின் படம். சரக்கில் பெரும்பகுதி துணி, காலிகோவும் மஸ்லினும் அதில் உண்டு. அதை விற்று 562 பவுண்டு கிடைத்தது, கட்டடம் எழும்பியது, பேர் வைத்தாயிற்று. அந்தத் துணியை வாங்கியது யார்? இந்தப் பக்கத்து வீடுகள்தானே. எந்தப் பெண்ணின் கவுனாகவோ ஆகி, பிரித்துத் தைத்து, கந்தலாகி முடிந்திருக்கும். "நெய்தவன் பேரும் இல்ல, தைச்சவ பேரும் இல்ல, நடுவில கைமாத்தி விட்டவன் பேருதான் இருக்கு" என்றார் அத்தை, வைப்பர் சத்தத்துக்கு மேல் கத்தி.

போக நினைப்பவர்களுக்கு: பிளிமத் கிராமம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், டியர்ஃபீல்டு வீடுகள் வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். டியர்ஃபீல்டுக்கு இரண்டு பகல் ஒதுக்குங்கள். துணிக் கூடத்தில் வெளிச்சம் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள், சாயம் வெளுத்துவிடும் என்று, அதனால் படிக்கிற கண்ணாடியை மறக்காதீர்கள். தையல் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், நான் தனியாகப் போயிருந்தால் பழைய தையல் ஓட்டைகளைப் பார்த்திருக்கவே மாட்டேன்.